அம்மாவின் கையிருப்பு

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம், காரில் வயரைச் செருகியவுடன் விதானையார் கேட்பார்.

“அம்மா எப்பிடி இருக்கிறா?”

குகதாசன் கையுறையைக்கூடக் கழற்றாமல் சுவரில் இருந்த சின்னத் திரையைப் பார்த்து, “அப்பிடியேதான். மாற்றம் ஒண்டும் இல்லை” என்பான்.

“நல்லது. அவவுக்கான கையிருப்பு தொடரும்.”

அம்மா செத்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. மாற்றம் ஒன்றும் இல்லை என்பது ஒரு வகையில் உண்மைதானே என்று தொடக்கத்தில் தனக்குள் சொல்லிக்கொண்டான். பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ளவும் வெட்கமாகப் போய்விட்டது. இப்போதெல்லாம் வாய் தன்பாட்டில் சொல்லும், கால் தன்பாட்டில் வீட்டுப் படியேறும்.

விதானையார் மனிதர் அல்ல. பெற்றோல் கார்கள் ஒழிந்து எல்லாம் பற்றரிக் கார் என்று ஆனபோது அரசாங்கம் எல்லாவற்றையும் யோசித்தது, கம்பியைப் பற்றி மட்டும் யோசிக்க மறந்துவிட்டது. லேனில் இருந்த அத்தனை வீட்டுக்கும் சேர்த்து மூலையில் மின்சாரத்தைப் பிரித்துவிடும் ஒரேயொரு பச்சைப் பெட்டி. எல்லாக் காரும் ஒன்றாக மின்சாரத்தை இழுத்தால் பெட்டி புகைந்துவிடும். பெரிய பெட்டி வரும் என்று வருசா வருசம் சொன்னார்கள். வந்தது பெட்டி அல்ல, பங்கு பிரிக்கும் ஒரு கணினி மூளை. நாளைக்கு யார் எங்கே போகிறார், எவ்வளவு தூரம், யாருடைய பற்றரி எவ்வளவு பழசு, என்ன குளிர் என்றெல்லாம் விசாரித்து, இரவோடு இரவாக ஒவ்வொரு காருக்கும் அளந்து ஊற்றும். லேனில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்துச் சனம். ஊரில் பங்கு பிரிக்கிற கிராம அதிகாரி விதானையார், அப்ப இவரும் விதானையார்தான் என்று யாரோ சொல்ல, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. முதலில் வானொலிச் செய்தி போலக் கதைத்தவர், இரண்டு மாரிக்குள் ‘ஓம்’, ‘ஏலாது’ எல்லாம் பழகிக்கொண்டார்.

நோயாளி இருக்கும் வீட்டுக்கு அவர் கையிருப்பு என்று ஒரு சலுகை கொடுப்பார். அந்த வீட்டுக் கார் எந்த நேரமும் நிரம்பியிருக்கும். மின்சாரம் நின்றால் காரில் இருந்து ஒட்சிசன் மெசின் ஓடவேண்டும், அவசரம் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். பெட்டியின் பலத்துக்கு லேனில் ஒரு வீட்டுக்குத்தான் அப்படிக் கொடுக்கலாம். அது எந்த வீடு என்று வெளியில் சொல்லக்கூடாது என்பது சட்டம். ஆஸ்பத்திரிப் பதிவையோ மரணப் பதிவையோ மெசின் எட்டிப் பார்க்கக்கூடாது என்பதும் அதே சட்டம். வீட்டுக்காரர் சொன்னால்தான் அதற்குத் தெரியும். மனிதரின் நோய்நொடிக்குள் மெசின் மூக்கை நுழைக்கக்கூடாது என்று சனம் போராடி வாங்கிய சட்டம் அது. குகதாசனும் அதற்கு ஆதரவாக வாக்குப் போட்டவன்தான்.

ரொறன்ரோவில் வீடு வாங்கக் கட்டாது என்று வடக்கே பாரி நகருக்கு வந்தவர்களில் அவனும் ஒருவன். வேலையோ திரும்ப ரொறன்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில். விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டைத் தட்டுத் தட்டாக அடுக்கி அனுப்பும் பெரிய குசினி ஒன்றில் மேற்பார்வையாளன். கோடையில் அந்த ஓட்டம் ஒரு பொருட்டே இல்லை. பனி கொட்டும் மாரியில் பற்றரியும் முழங்கால் வருத்தக்காரரைப் போலத்தான், பாதித் தூரத்தில் முனகத் தொடங்கிவிடும். அதோடு ஹீற்றரையும் போட்டால் மிச்சப் பாதியையும் அது குடித்துவிடும்.

அம்மாவுக்கு வருத்தம் வருவதற்கு முந்திய மாரிகளில் அவன் ஹீற்றரே போட்டதில்லை. இரண்டு சொக்ஸ், இரண்டு ஜக்கெற், மடியில் ஒரு கம்பளி. மூச்சு உள்கண்ணாடியில் உறைய, பழைய வங்கி அட்டையால் சுரண்டிச் சுரண்டி ஓட்டுவான். ஒருமுறை சார்ச் முடிந்து நடுவழியில் நின்றுவிட்டான். இன்னொருமுறை பிந்தினால் வேறு ஆள் பார்க்கவேண்டி வரும் என்று குசினி முதலாளி முகத்தைப் பாராமலே சொன்னான். அதற்குப் பிறகுதான் அம்மாவின் நெஞ்சு பழுதானது, ஒட்சிசன் மெசின் வந்தது, கையிருப்பும் வந்தது. அம்மாவின் மூச்சு முட்டியதில் அவனுடைய கால் சூடாகியது. அது அப்போதே உறுத்தியது. ஆனால் அப்போது அது நியாயமான சூடு.

சித்திரையில் அம்மா போய்ச் சேர்ந்தா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும், பெயரை எடுக்கலாம் என்று நினைத்தான். அந்தியேட்டி முடியக் கோடை வந்துவிட்டது. கோடையில் யாருக்கும் மின்சாரத் தட்டுப்பாடில்லை, யாருக்கு என்ன நட்டம் என்று விட்டான். பனி விழத் தொடங்கியதும், வருசம் திரும்பி ஆட்டைத்திவசம் முடியட்டும் என்று ஆனது. நம்மவர்களுக்கு ஒரு அலுவலைத் தள்ளிப்போடத் திவசத்தைப் போல நல்ல சாட்டுக் கிடையாது. செத்தவரின் உடுப்பும் கட்டிலும் மூக்குக்கண்ணாடியும் ஒரு வருசம் வைத்த இடத்திலேயே கிடக்கலாம், ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்த வரிசையில் குகதாசன் அம்மாவின் மின்சாரத்தையும் வைத்துக்கொண்டான்.

கேட்டவள் மனைவி சுகிர்தா மட்டும்தான்.

“மாமின்ர பேரை எடுத்திட்டியளோ?”

“ஆட்டைத்திவசம் முடியட்டும்.”

“திவசத்துக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?”

“சித்திரையோட குளிர் போயிடும். பிறகு எடுத்திடலாம்.”

“அப்ப குளிரெண்டு சொல்லுங்கோ. திவசத்தை ஏன் இழுக்கிறியள்?” அவள் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினாள். “காலமை மாமின்ர படத்துக்கு விளக்குக் கொளுத்துறியள். பின்னேரம் வெளியில நிண்டு, அவ இருக்கிறா எண்டு சொல்லுறியள். கேக்க எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு.”

சுகிர்தா கதையை வளர்க்கவில்லை. அவளையும் அவன்தான் காலையில் பஸ் நிலையத்தில் இறக்கிவிடுகிறவன். அடுத்த நாள் காலை சூடான இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கழுத்துத் துணியைத் தளர்த்திவிட்டு, அவளும் பேசாமல் வந்தாள்.

தை மாதம் ஒரு ஞாயிறு. லேனில் எல்லோரும் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது கடைசி வீட்டு நளாயினி மண்வாரியை ஊன்றிக்கொண்டு அவனிடம் வந்தாள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். தனியாக இருக்கிறாள். புருசன் ஊரில், விசாவுக்குக் காத்திருக்கிறான். அவனைக் கூப்பிடவேண்டும் என்றால் அவளுக்கு நிரந்தர வேலை இருக்கவேண்டும். அந்த வேலை கிடைத்ததோ பாரிக்கும் வடக்கே, ஏரிகளுக்கு அப்பால் ஒரு முதியோர் இல்லத்தில். லேனிலேயே ஆகத் தூரம் போய்வருகிறவள் அவள்தான்.

“அண்ணை, இந்தக் குளிருக்க நீங்கள் எப்பிடிச் சமாளிக்கிறியள்? விதானையார் எனக்கு அளவாத்தான் தாறார். போய் வர மட்டுமட்டாக் கிடக்கு. வழியில ஒரு இடத்திலதான் சார்ச் போடலாம், அங்கயும் ஒரே கியூ.”

குகதாசனுக்குப் பின்னால் அவனுடைய கார் நின்றது. விதானையார் அதைக் கம்பியிலேயே சூடாக்கி வைத்திருந்ததால் கண்ணாடியில் ஒரு துளி ஐஸ் இல்லை. அவன் கொஞ்சம் நகர்ந்து அதை மறைத்துக்கொண்டு நின்றான்.

“வெளிக்கிடுறதுக்கு முன்னம், வயர் செருகினபடியே காரைச் சூடாக்குங்கோ. கம்பியில சூடாகட்டும், பற்றரியில இல்லை” என்றான். “ஓட்டேக்க ஹீற்றர் வேண்டாம். சீற்றை மட்டும் சூடாக்குங்கோ, அது கனக்கக் குடியாது. பெரிய லொறி ஒண்டுக்குப் பின்னால போங்கோ, காத்தைத் தடுக்கும். பின்னால ஒரு கம்பளி கட்டாயம் வைச்சிருங்கோ.”

எல்லாம் உண்மைதான். எல்லாம் அவன் பட்டு அறிந்ததுதான். நளாயினி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

“பூச்சியத்துக்கு வந்திட்டா?”

அவனுக்கு அந்தக் கதையை முடித்துக்கொண்டு உள்ளே போகவேண்டும் போல இருந்தது. “பயப்பிடாதேங்கோ. பூச்சியம் காட்டினாப் பிறகும் பத்துப் பதினைஞ்சு கிலோமீற்றர் ஓடும். கார்க் கொம்பனிக்காரர் கொஞ்சம் ஒளிச்சு வைச்சிருப்பினம்.”

அது அவன் பட்டு அறிந்தது அல்ல. வேலைக் குசினியில் யாரோ சொன்னது. தான் நடுவழியில் நின்ற அன்று அப்படி ஓடியதா என்றுகூட அவனுக்கு ஞாபகம் இல்லை. அவனுடைய கார் பூச்சியத்துக்கு வந்து ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது.

“உங்களுக்கென்ன அண்ணை, அனுபவம்” என்று சிரித்துவிட்டு அவள் போனாள்.

மாசியில் வடக்கிலிருந்து ஒரு குளிர் இறங்கியது. வெளியில் நின்றால் மூக்குமயிர் உறையும். லேன் முழுக்க வீட்டு ஹீற்றர்கள் ஓய்வில்லாமல் ஓட, பச்சைப் பெட்டி இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தது. அந்தக் கிழமை ஒரு பின்னேரம் குகதாசன் வயரைச் செருகியபோது விதானையார் அழைத்தார். அம்மாவைப் பற்றிக் கேட்கும் நாள் அது இல்லை.

“ஒரு விசயம் கேக்கவேணும். இந்தக் குளிருக்க எல்லாருக்கும் குறைச்சுத்தான் குடுக்க ஏலும். ஒரு வீட்டுக்கு நாளைக்குத் தேவையானது வரேல்லை. தூரப் பயணம். அம்மாவின்ர கையிருப்பில இருந்து கொஞ்சம் விட்டுக் குடுப்பியளோ?”

“ஆர் வீடு?”

“சொல்ல எனக்கு அனுமதி இல்லை. உங்களையும் அவைக்குச் சொல்லமாட்டன்.”

சொல்லவேண்டிய தேவையும் இல்லை. லேனில் தூரப் பயணம் ஒன்றுதான். குகதாசன் நாளைய நாளை நினைத்துப் பார்த்தான். கொடுத்தால் ஹீற்றர் இல்லை. திரும்பி வர வழியில் எங்காவது சார்ச் போடவேண்டும், இந்தக் குளிரில் அது ஊர்ந்து ஊர்ந்துதான் ஏறும். ஒரு நாள்தானே என்று ஒரு மனம் சொன்னது. கால்விரல் மறுத்தது. மனிதன் பெரிய பெரிய பாவங்களை யோசித்துச் செய்வான் என்பார்கள். குகதாசன் செய்தது கால்விரலுக்காக.

“குடுக்கேலாது.”

“சரி. காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். குற்றமுள்ளவனுக்கு வாய் சும்மா இருக்காது. “அம்மாவுக்கு இண்டைக்குச் சரியா ஏலாமல் கிடக்கு” என்றான்.

“கவலையாக் கிடக்கு” என்றார் விதானையார். “பேர் சொல்லாமல், நோயாளிக்குக் கடுமை எண்டு அவைக்குச் சொல்லிவிடுறன்.”

அடுத்த நாள் அவன் சூடாகப் போய்ச் சூடாக வந்தான். விமானங்கள் நேரத்துக்குப் பறந்தன. வீட்டுக்கு வந்தபோது சுகிர்தா கதவிலேயே நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

“நளாயினி இன்னும் வரேல்லையாம். ரெலிபோனும் வேலை செய்யேல்லை. பொலிசுக்குச் சொல்லியிருக்கினம்.”

பனி வாருகிற வண்டிக்காரன் ஒருவன்தான் அவளைக் கண்டெடுத்தான். கார் நின்றுபோய், உள்ளே குளிர் ஏறி, ரெலிபோனும் செத்தபிறகு, தூரத்தில் தெரிந்த ஒரு வெளிச்சத்தை நம்பி இறங்கி நடந்திருக்கிறாள். காலில் இருந்தது முதியோர் இல்லத்தில் போடுகிற மெல்லிய சப்பாத்து. உயிர் தப்பிவிட்டது. வலது காலில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள்.

குகதாசன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனான். வழியில் வசனங்களைக்கூட அடுக்கிக்கொண்டான். கட்டிலில் கிடந்த அவளைக் கண்டதும் அடுக்கியது எல்லாம் சரிந்துவிட்டது.

“வாங்கோ அண்ணை” என்றாள். குரல் கம்மியிருந்தது. “நீங்கள் சொன்னதெல்லாம் செய்தனான். லொறிக்குப் பின்னாலயும் போனனான். அந்தக் கம்பளி இல்லையெண்டா ஆள் முடிஞ்சிருப்பாளாம், டொக்ரர் சொன்னவர். உங்களைத்தான் நினைச்சனான்.”

“வழியில ஏன் சார்ச் போடேல்லை?”

“கன கார் நிண்டுது. பூச்சியத்துக்குப் பிறகும் ஓடும் எண்டு நீங்கள் சொன்னது ஞாபகம் வந்துது. சரி, இழுத்திடலாம் எண்டு வந்திட்டன். குளிருக்க அது ஓடாதாம், இப்பதான் சொல்லுகினம்.” அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். குகதாசன் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். போர்வைக்கு வெளியே துணி சுற்றிய கால் தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்க அவனால் முடியவில்லை.

“வேலையை விடமாட்டம் எண்டு சொல்லியிருக்கினம்” என்றாள் அவள். “நிண்டு செய்யிற வேலை, பாப்பம். அதில்லை அண்ணை, எனக்கு வேற ஒண்டு மனசுக்க கிடந்து அரிக்குது. முதல்நாள் விதானையாரிட்டக் கொஞ்சம் கூடக் கேட்டனான். உங்கட அம்மாவுக்குப் பிறகு அந்தக் கையிருப்பு ஆருக்கோ போயிருக்குத்தானே. அவையிட்டக் கேட்டுப் பாக்கிறன் எண்டார். பிறகு, அந்த நோயாளிக்கு அண்டைக்குத்தான் கடுமையாம், தரேலாதாம் எண்டார். ஏலாமல் கிடக்கிற மனுசரிட்டப் போய் இருக்கிறதையும் கேட்டுப்போட்டன். என்ன சென்மம் நான்.”

“அப்பிடி நினையாதேங்கோ.”

“இப்ப சுகமோ தெரியாது. நீங்கள் ஒருக்கா விதானையாரிட்டக் கேட்டுச் சொல்லுவியளோ?”

“சுகமாத்தான் இருக்கும்” என்றான் குகதாசன். எழும்பி வந்துவிட்டான்.

வீடு வரும்வரை ஹீற்றர் போடவில்லை. பிராயச்சித்தம் என்று நினைத்தானோ என்னவோ. விரல் மரத்ததே தவிர மனம் ஆறவில்லை. அவன் மிச்சம் பிடித்த மின்சாரத்தால் இனி யாருக்கும் பிரயோசனமும் இல்லை.

காரை நிறுத்தியதும் நேரே திரைக்கு முன்னால் போய் நின்றான்.

“அம்மாவின்ர பேரை எடுத்துவிடுங்கோ.”

“ஏன்?”

“அம்மா செத்துப்போனா.”

விதானையார் ஒரு கணம் பேசவில்லை. யோசித்தாரோ, மரியாதைக்கு அப்படி நிற்கப் பழக்கியிருந்தார்களோ தெரியாது. “என்ர ஆழ்ந்த அனுதாபம். எப்ப நடந்தது?”

குகதாசன் வாயைத் திறந்தான். சித்திரை என்று சொல்லவேண்டியதுதான். சொன்னால் அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் சொன்னது என்ன என்று கேள்வி வரும். மாசியில் சொன்னது என்ன என்று வரும். பெயரை எடுக்கிறேன்தானே, அது போதாதா என்று நினைத்தான்.

“இந்தக் கிழமைக்குள்ளதான்” என்றான்.

“விளங்குது. அண்டைக்கே ஏலாமல் கிடக்கெண்டு சொன்னியள்.” விதானையாரின் குரல் தணிந்தது. “இனிக் கையிருப்பு அந்தத் தூரப் பயண வீட்டுக்குப் போகும். இப்ப அந்த வீட்டில ஒரு நோயாளி இருக்கிறா. ஏன் கிடைக்குது எண்டு அவை கேட்டால் காரணம் சொல்லவேணும், அது விதி. உங்கட பேர் வராது.”

“நல்லது.”

அன்று அவன் பல நாளைக்குப் பிறகு அயர்ந்து நித்திரை கொண்டான். பிறகு நினைத்துப் பார்த்தபோது எல்லாவற்றிலும் அதுதான் அவனுக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை நளாயினி ஆஸ்பத்திரியில் இருந்து அழைத்தாள். பேசமுடியாமல் மூச்சு வாங்கியது.

“அண்ணை, அந்த ஆள் செத்துப்போச்சாம்.”

“எந்த ஆள்?”

“கையிருப்பு வைச்சிருந்த ஆள். இனி அது எனக்குத்தானாம். ஏனெண்டு கேட்டன். இந்தக் கிழமைதான் செத்ததாம். நான் கேட்ட கிழமை.” அவள் அழத் தொடங்கினாள். “லேனில எல்லாருக்கும் ரெலிபோன் எடுத்திட்டன். ஒருத்தற்ற வீட்டிலயும் செத்தவீடு இல்லையாம். மூலை வீட்டுப் போர்த்துக்கீசக் கிழவரையும் போய்த் தட்டிப் பாத்தவையாம், அவர் நல்லாத்தான் இருக்கிறாராம், தட்டினவைக்குத்தான் ஏச்சு. ஆரெண்டே தெரியேல்லை அண்ணை. ஒரு மனுசர் செத்து, ஒருத்தரும் எட்டிப் பாக்காமல் விடுறதோ. அதுவும் நான், கடைசி நேரத்தில போய்க் கை நீட்டினவள். நான் போகாமல் இருக்கேலாது.”

“தங்கச்சி, இந்தக் காலோட…”

“டொக்ரரிட்டக் கேட்டிட்டன். மத்தியானம் கொஞ்ச நேரம் விடுறாராம். நீங்கள் காரைக் கொண்டு வாங்கோ. விதானையாரை மடக்கி ஆரின்ர வீடெண்டு கேக்க உங்களுக்குத்தான் வாய் இருக்கு.”

குகதாசன் ரெலிபோனை வைத்துவிட்டுக் குசினி மேசையில் உட்கார்ந்தான். சுகிர்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

“என்ன செய்யப்போறியள்?”

“தெரியேல்லை.”

“நீங்கள் எடுத்தது மின்சாரம். அதை விடுங்கோ” என்றாள் சுகிர்தா. “அந்தப் பெட்டையின்ர தலையில ஒரு சாவைக் கட்டிவிட்டிருக்கிறியள். அதை ஆர் அவிழ்க்கிறது?”

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியில் அவள் தயாராக இருந்தாள். யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்புச் சால்வை தோளில் கிடந்தது. தாதி ஒருத்தியும் அவனுமாகத் தூக்கி முன் இருக்கையில் இருத்தினார்கள். அவன் ஹீற்றரை முழுதாகத் திறந்துவிட்டான்.

கொஞ்சத் தூரம் போனதும் அவள், “குறையுங்கோ அண்ணை, சார்ச் போயிடும்” என்றாள்.

“பரவாயில்லை.”

“கேட்டியளோ? வீடு தெரிஞ்சுதோ?”

“தெரியும்.”

“ஆரெண்டு சொல்லுங்கோவன்.”

“போய்ச் சொல்லுறன்.”

வெளியே வெள்ளை வெளேரென்று வயல்கள் ஓடின. “என்ன சொல்லிக் கும்பிடுறதெண்டு தெரியேல்லை” என்றாள் பிறகு. “மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொல்லலாமோ? செத்தவீட்டில அப்பிடிச் சொல்லுறவையோ?” குகதாசனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டி வீதி கலங்கித் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இந்த வீதி நீண்டால் நல்லது என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்கும் தன்னை வெறுத்தான்.

லேனுக்குள் திரும்பி, தன் வீட்டு வாசலில் காரை நிறுத்தினான்.

“சுகிர்தா அக்காவும் வாறாவோ?”

“இல்லை. இதுதான் வீடு.”

அவள் வீட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “உங்கட வீட்டில ஆர்? அம்மா சித்திரையிலயெல்லோ…”

“ஓம், சித்திரையிலதான். நீங்கள் அண்டைக்கே வந்து அழுதிட்டுப் போயிட்டியள், தங்கச்சி. பேரை நான் எடுக்கேல்லை. அம்மாவின்ர பேரில இவ்வளவு நாளும் நான்தான் ஓடித் திரிஞ்சனான்.”

அவள் வாய் லேசாகத் திறந்தபடி இருந்தது. ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் பார்க்கிறாள் என்று அவனுக்கு விளங்கியது.

“அப்ப அண்டைக்கு, ஏலாமல் கிடக்கு, தரேலாதெண்டு சொன்னது?”

“நான்தான்.”

“இந்தக் கிழமை செத்ததெண்டது?”

“அதுவும் நான்தான். பயத்தில சொன்னனான்.”

அவள் ஏசுவாள் என்று நினைத்தான். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று கையை ஸ்ரியறிங்கில் இருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவள் சால்வையின் நுனியை முகத்தில் பொத்திக்கொண்டு குனிந்தாள். தோள் குலுங்கியது.

“அப்ப ஒருத்தரும் சாகேல்லை” என்றாள். “நான் கேட்டதால ஒருத்தரும் சாகேல்லை. அம்மாளாச்சி, ஒருத்தரும் சாகேல்லை.”

நிம்மதியில் அழுகிறாள் என்று விளங்க அவனுக்குச் சற்று நேரம் எடுத்தது. ஏச்சுக்கு அவன் ஆயத்தமாக வந்திருந்தான், இதற்கு ஆயத்தமில்லை. விரலை இழந்தவள், சாவைச் சுமந்தவள், இப்போது தனக்கு விடுதலை கிடைத்தது போல அழுகிறாள். அந்த விடுதலையைக் கொடுத்தவன் தான் என்று ஒரு வினாடிகூட நினைக்க முடியாதபடி, அந்தக் கால் அவனுக்கு முன்னால் துணி சுற்றிக் கிடந்தது.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள். முகம் மாறியிருந்தது. இப்போதுதான் மற்றது எல்லாம் அவளிடம் வந்து சேர்கிறது என்று தெரிந்தது.

“விதானையாருக்குச் சொல்லிட்டியளோ, சித்திரை எண்டு?”

“இல்லை.”

“போய்ச் சொல்லுங்கோ.”

“உங்களை ஆஸ்பத்திரியில விட்டிட்டு வந்து…”

“இப்ப போய்ச் சொல்லுங்கோ.” அவள் தன் பக்கக் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். குளிர் ஒரேயடியாக உள்ளே பாய்ந்தது. “எனக்குக் கேக்கச் சொல்லுங்கோ.”

குகதாசன் இறங்கினான். எதிர்வீட்டில் இருவர் பனி தள்ளிக்கொண்டு நின்றார்கள், நளாயினியைக் கண்டு கையை ஆட்டினார்கள். அவள் ஆட்டவில்லை. சுவரில் இருந்த திரைக்கும் அவனுக்கும் இடையில் சில அடி தூரம்தான். நடந்து முடிக்க நெடுநேரம் எடுத்தது போல இருந்தது.

“அம்மா இந்தக் கிழமை சாகேல்லை” என்றான். குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி, லேன் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான். “அம்மா சித்திரையில செத்துப்போனா.”

எதிர்வீட்டு மண்வாரிகள் நின்றன.

“ரெண்டு திகதி சொல்லியிருக்கிறியள்” என்றார் விதானையார். “எது சரி?”

“சித்திரை. அதுக்குப் பிறகு நான் உங்களுக்குச் சொன்னதெல்லாம் பொய்.”

“பதிஞ்சிருக்கிறன்.”

பின்னால் காரின் கண்ணாடி மேலே ஏறும் சத்தம் கேட்டது. அவளைத் திருப்பிக் கொண்டுபோய் விடவேண்டும், வழி முழுக்க அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும். குகதாசன் இன்னும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடியே நின்றான்.